பெயர் பொறிக்காத கல்லறை, பெயர் கிடைத்த குழந்தைகள்: டோனாவூர் ஏமி கார்மைக்கேலின் கதை

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டால் நம்ம ஊர்ப் பெயர் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தேவாலயம் கட்டப் பணம் தந்தவர் டோனா என்ற ஜெர்மானியப் பிரபு. அவருடைய பெயரோடு நம்முடைய 'ஊர்' சேர்ந்து டோனாவூர் ஆனது.

அந்த ஊரில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் அதைக் கடவுளின் தோட்டம் என்ற பொருளில் அழைத்து வந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் கல்லறை. தலைமாட்டில் கல் கிடையாது. பிறந்த தேதி, இறந்த தேதி, செய்த சாதனை என்று எதுவும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, பறவைகள் வந்து தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் ஒரு தொட்டி. அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல். அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியை வைத்தவர்கள் அவருடைய வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. பெற்றவர்களால் வளர்க்க முடியாமலோ, வளர்க்க விருப்பமில்லாமலோ, வேறு கைகளுக்குப் போய்விடுவார்கள் என்ற ஆபத்தில் இருந்து தப்பியோ அவரிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள். அந்தப் பெண் தமிழ்நாட்டில் பிறந்தவரும் இல்லை. அயர்லாந்துக்காரர். பெயர் ஏமி கார்மைக்கேல்.

யார் இவர்? இத்தனை குழந்தைகள் அவரிடம் எப்படி வந்தார்கள்? அவர் செய்ததில் பாராட்ட வேண்டியது எது, கேள்வி கேட்க வேண்டியது எது? பார்க்கலாம்.

அயர்லாந்திலிருந்து திருநெல்வேலிக்கு

ஏமி பிறந்தது 1867 டிசம்பர் 16-ஆம் தேதி. அயர்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் இருக்கும் மில்லைல் என்ற கிராமம். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாக மாவு மில் இருந்தது. வசதியான வீடு, பக்தியான வீடு.

சிறு வயதில் அவருக்குத் தன் கண் நிறத்தின் மீது ஒரு வருத்தம். அம்மாவின் கண்கள் நீலம், தன்னுடையது பழுப்பு. நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி பிரார்த்தனை செய்துவிட்டுத் தூங்கி, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து போனாராம். இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. பிறகு தேவைப்படும்.

1885-ல் அப்பா இறந்துவிட்டார். குடும்பத்தின் பண நிலைமை அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. அந்த வயதில் ஏமி செய்த முதல் வேலையே, அவர் பின்னால் என்ன ஆகப் போகிறார் என்பதற்கு ஒரு அடையாளம். பெல்ஃபாஸ்ட் நகரத்தின் நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களை அவர் ஒன்றாகச் சேர்த்தார். தொப்பி வாங்கக் காசில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிற பெண்கள் அவர்கள். நல்ல உடை உடுத்தித் தேவாலயத்துக்கு வருகிற பெரிய குடும்பத்தினருக்கு அவர்கள் பக்கத்தில் உட்காருவது பிடிக்கவில்லை. ஏமி விடவில்லை. 1889-ல் அவர்களுக்கென்றே தகரத்தில் ஒரு மண்டபம் எழும்பியது. அப்போது அவருக்கு வயது 21.

அதன் பிறகு வெளிநாட்டில் மதப்பணி செய்ய ஆசைப்பட்டார். சீனாவுக்குப் போக நினைத்தார்; உடல்நிலையைக் காட்டி மருத்துவர் தடுத்துவிட்டார். 1893-ல் ஜப்பான் போனார். அங்கே ஒன்றேகால் வருடம் இருந்தார்; மறுபடி உடம்பு படுத்தியது. கொஞ்ச நாள் இலங்கையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். வெளிநாடு இவருக்குச் சரிப்படாது என்றுதான் யாரும் முடிவு கட்டியிருப்பார்கள்.

1895-ல் அவர் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை இந்தியா. முதலில் பெங்களூரு, அடுத்த வருடம் திருநெல்வேலிச் சீமை. அதற்குப் பிறகு 55 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவில்லை.

தமிழ் படித்த காலம்

திருநெல்வேலியில் அவருக்குத் தமிழ் கற்றுத் தந்தவர் தாமஸ் வாக்கர் என்ற பாதிரியார். கண்டிப்பானவர், தமிழில் நல்ல புலமை உள்ளவர். அவரும் அவர் மனைவியும் தங்கியிருந்த பண்ணைவிளையை மையமாக வைத்து ஏமி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். மாட்டு வண்டியில் பயணம், கூடாரத்தில் தங்கல்.

தனியாகப் போகவில்லை. உள்ளூர்ப் பெண்கள் சிலர் அவருடன் சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணுக்கு வீட்டுக்குள் ஒரு மூலைதான் உலகம். அந்த மூலையிலிருந்து வெளியே வந்து, ஊர் ஊராக நடந்தவர் அவர். பெயர் நினைவிருக்கட்டும். ஏமியின் கதையில் பாதி, பொன்னம்மாளின் கதை.

இந்தக் காலத்தில்தான் ஏமி ஐரோப்பிய உடையை விட்டுவிட்டுச் சேலை கட்ட ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத இடங்களுக்குள் போக, கையிலும் முகத்திலும் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். எத்தனை சாயம் பூசினாலும் கண்ணின் நிறத்தை மாற்ற முடியாது, இல்லையா? நீலக் கண் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே மாட்டிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அழ வைத்த பழுப்புக் கண்தான் இங்கே கை கொடுத்தது.

1901: வாசலுக்கு வந்த ஏழு வயதுச் சிறுமி

1901 மார்ச் மாதம். பண்ணைவிளையில் ஏமி தங்கியிருந்த வீட்டுக்கு, காலையில் ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். குழந்தைக்கு வயது ஏழு. பிரீனா என்று ஏமியின் வரலாறுகள் அவளைக் குறிப்பிடுகின்றன.

அவளைத் தாயே ஒரு கோயிலைச் சார்ந்த பெண்களிடம் ஒப்படைத்திருந்தார். அதற்கு முன்பு ஒரு தடவை அவள் அங்கிருந்து தப்பி, தூத்துக்குடி வரை நடந்தே போய் அம்மாவிடம் சேர்ந்திருக்கிறாள். பின்னாலேயே தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்குச் சேர்ந்தவளை வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று அம்மா பயந்தார். ஒட்டிக்கொண்டிருந்த கைகளைப் பிரித்து, குழந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார். தப்பி ஓடியதற்குத் தண்டனையாக அவளுடைய கைகளில் சூடு போட்டார்கள்.

இரண்டாவது முறை தப்பித்தபோதுதான் அவள் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன்னிடம் இருந்த பொம்மையை வைத்து, அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று அந்தக் குழந்தை காட்டியதை ஏமி கடைசி வரை மறக்கவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குத் திசை மாறியது. அதே வருடம் ஏமியும் குழுவும் டோனாவூருக்குக் குடியேறினார்கள். முதலில் சில நாள் தங்குவதாகத்தான் பேச்சு. அதுவே நிரந்தரமாகிவிட்டது.

கோயில் குழந்தைகள் என்றால் யார்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பின்னணியைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இந்த விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

தேவதாசி முறை பல நூற்றாண்டு பழையது. பொட்டுக்கட்டும் சடங்கு மூலம் ஒரு பெண் குழந்தையைத் தெய்வத்துக்கு மணம் செய்து வைப்பார்கள். ஒரு காலத்தில் இந்தப் பெண்களுக்குக் கோயிலில் மரியாதை இருந்தது, மானிய நிலம் இருந்தது, சொத்துரிமை இருந்தது. மற்ற பெண்களுக்கு எழுத்து மறுக்கப்பட்ட காலத்தில் இவர்கள் படித்தார்கள். இன்று நாம் பரதநாட்டியம் என்று கொண்டாடும் கலையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இந்தக் குடும்பங்கள்தான்.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை மாறியிருந்தது. அரசர்கள் போய்விட்டார்கள், கோயில் வருமானம் சுருங்கியது, பழைய ஆதரவு இல்லை. பல இடங்களில் இந்த முறை, சிறுமிகளை வசதி படைத்த ஆண்களின் கையில் சேர்க்கும் ஏற்பாடாக ஆகிப்போனது. வறுமையில் இருந்த குடும்பங்கள் குழந்தையைக் கொடுத்தன. வேண்டுதலுக்காகக் கொடுத்தவர்கள் உண்டு. கணவரை இழந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கொடுத்த தாய்மார்களும் உண்டு. பேசத் தெரியாத கைக்குழந்தையாக இருக்கும்போதே கைமாற்றுவதும் நடந்தது.

அதாவது இந்தக் குழந்தைகள் குப்பைத் தொட்டியில் போடப்பட்டவர்கள் இல்லை. யாரோ ஒருவர் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்த குழந்தைகள். கைவிடுவதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

1904: முதல் கைக்குழந்தை, முதல் மரணம்

பிரீனா வந்த பிறகு மூன்று வருடம் ஏமி தகவல் திரட்டினார். குழந்தைகள் எந்த வழியாகப் போகிறார்கள், யார் இடைத்தரகர், எந்த இடத்தில் குறுக்கிட முடியும் என்று தேடினார். 1904 மார்ச் மாதம் பச்சைக்குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. ஓர் இந்தியப் பாதிரியார் அந்தக் குழந்தையை மீட்டு அனுப்பியிருந்தார். பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தை.

பெயர் வைக்க வேண்டும். விலை உயர்ந்த கற்களின் பெயர்களை வைத்தார்கள். முதல் குழந்தைக்குச் செவ்வந்திக்கல்லின் பெயர். அடுத்து வந்தவளுக்கு நீலக்கல்லின் பெயர்: இந்திரநீலா. கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குச் சுமையாகத் தெரிந்த குழந்தையை, இங்கே ரத்தினம் என்று கூப்பிட்டார்கள். யோசிச்சுப் பாருங்க, ஒரு பெயர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

அந்த வருடத்தின் நடுவிலேயே பிள்ளைகள் 17 பேர் ஆகிவிட்டார்கள்.

ஆனால் பெயர் வைத்தால் மட்டும் குழந்தை பிழைத்துவிடாது. தாய்ப்பால் இல்லாமல் ஒரு சிசுவை வளர்ப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வேறொரு சாதிக் குழந்தைக்கு, அதுவும் எங்கிருந்தோ வந்த குழந்தைக்குப் பால் கொடுக்க ஊரில் தாய்மார்கள் முன்வருவது அரிது. மாட்டுப் பால் எல்லாக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளாது. டப்பா உணவு கடல் தாண்டி வர வேண்டும். பக்கத்தில் மருத்துவமனை கிடையாது. வந்த குழந்தைகள் பலர் நீண்ட பயணத்தில் பட்டினி கிடந்து, உயிர் ஊசலாடும் நிலையில்தான் வந்தார்கள்.

1905-ன் தொடக்கத்தில் இந்திரநீலா இறந்துபோனாள். அந்தச் சமயம் ஏமியின் தாயார் டோனாவூருக்கு வந்து தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்கொண்டிருந்தார். இந்திரநீலாவோடு அது நிற்கவில்லை. இன்னும் சில குழந்தைகளும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள்.

பச்சைக்குழந்தைகள் செத்துப்போவது அந்த நாளில் அன்றாடச் செய்தி. அப்படிப் போகும் ஒரு அநாதைக் குழந்தையை யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள். ஏமி வைத்தார். போன குழந்தையின் நாளை வருடா வருடம் நினைவில் வைத்திருந்தார். புத்தகங்களில் அவர்களைப் பற்றி எழுதினார். டோனாவூரின் கடவுளின் தோட்டம் அப்படித்தான் உருவானது. பெரியவர்களின் கல்லறைகளுக்கு முன்பே, சின்னச் சின்னக் கல்லறைகள் அங்கே வந்துவிட்டன.

பொன்னம்மாளும் நெய்யூரும்

மரணங்களைப் பார்த்த பிறகு ஒரு முடிவு எடுத்தார்கள். மருத்துவமனை குழந்தைகளைத் தேடி வராது. குழந்தைகளைத்தான் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அதன் அருகில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கினார்கள். பொறுப்பை ஏற்றவர் பொன்னம்மாள்.

அவர் நர்ஸ் படிப்பு படித்தவர் இல்லை. வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டார். எந்தக் குழந்தைக்குப் பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், புட்டியை எப்படிக் கொதிக்க வைக்க வேண்டும், எந்த அழுகை பசி, எந்த அழுகை வலி என்று ஒவ்வொன்றையும் மற்ற பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். நெய்யூர் விடுதியிலும் தொற்றுநோய் புகுந்து குழந்தைகளைப் பறித்தது. ஆனால் பிழைத்தவர்கள் அதிகம். அப்படிப் பிழைத்தவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள் இருந்தார்கள். வீட்டு ஆட்கள் திட்டியும், சாதிக்கு ஒவ்வாத வேலை என்று ஊர் பேசியும், அடுத்தவர் குழந்தையின் துணியைத் துவைத்தவர்கள் அவர்கள்.

பொன்னம்மாள் 1915-ல் புற்றுநோயால் இறந்தார். ஏமியின் வாழ்க்கையில் பெரிய இழப்புகளில் அது ஒன்று. அவரைப் பற்றி ஏமி தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

பிறந்தநாள் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு நாள்

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். டோனாவூர்ப் பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. தெரிந்த யாரும் சொல்வதற்கு இல்லை. அப்படியானால் பிறந்தநாள்?

அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எந்த நாளில் குழந்தை டோனாவூருக்கு வந்ததோ, அந்த நாளைக் கொண்டாடினார்கள். வந்த நாள் என்றே அதற்குப் பெயர். பரிசு உண்டு, பூ உண்டு, வாழ்த்து உண்டு. எப்போது பிறந்தாய் என்பது தெரியாவிட்டால் பரவாயில்லை. எப்போது எங்களிடம் வந்தாய் என்பது எங்களுக்குத் தெரியும் என்று சொல்லும் ஏற்பாடு அது.

1909-ல் ஏமி எழுதிய 'லோட்டஸ் பட்ஸ்' என்ற புத்தகம், தாமரை மொட்டுகள் என்று பொருள், இந்தக் குழந்தைகளைப் பற்றியது. ஊட்டியிலிருந்து ஒரு புகைப்படக் கலைஞரை வரவழைத்து எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. கையை வாயில் வைத்துக்கொண்டு ஒன்று, கேமராவை முறைத்துக்கொண்டு ஒன்று. அநாதைகள் என்றாலே சோகமான முகத்தைக் காட்டிப் பணம் கேட்கும் வழக்கத்துக்கு நேர் எதிரான படங்கள். அவர் பணமும் கேட்க மாட்டார். யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது கடைசி வரை அவர் வைத்திருந்த விதி.

1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்க்கத் தொடங்கினார்கள். கோயில்களுக்கும் நாடகக் கம்பெனிகளுக்கும் விற்கப்பட்ட சிறுவர்கள் பட்ட துன்பம் அவருக்குத் தெரியவந்ததுதான் காரணம். 1920-களின் நடுவில் தன்னை அனுப்பிய மிஷன் அமைப்பிலிருந்து பிரிந்தார். 1927-ல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. பிறகு அங்கேயே ஒரு மருத்துவமனையும் வந்தது. நெய்யூருக்கு மாட்டு வண்டியில் போகும் வழியில் குழந்தையை இழந்தவர்களுக்கு, அந்த மருத்துவமனை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் மீது என்ன விமர்சனம்?

இவ்வளவு படித்த பிறகு உங்களுக்குச் சில கேள்விகள் வந்திருக்கும். வர வேண்டும்.

முதல் கேள்வி மதமாற்றம். ஏமி ஒரு கிறிஸ்தவ மிஷனரி. அதை அவர் மறைத்ததில்லை. அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்ந்தார்கள். தாங்கள் பிறந்த குடும்பம், சாதி, மதம் ஆகியவற்றோடு அவர்களுக்கு உறவு அறுந்துபோனது. உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த விலையா இது என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அவருடைய எழுத்து. 1903-ல் வந்த அவர் புத்தகம் இந்து சமூகத்தை மிகவும் இருட்டாகக் காட்டுகிறது என்று சொல்லப்பட்டது. மிஷனரிகளுக்குள்ளேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் வேறு. வெற்றிக் கதைகளை எதிர்பார்த்த வெளிநாட்டு வாசகர்களுக்கு அவர் தோல்விகளை எழுதிக் கொடுத்தார். தேவதாசிப் பெண்களின் கலையையோ, அவர்கள் கையில் இருந்த உரிமைகளையோ அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது நியாயமான குறை.

மூன்றாவதுதான் மிகவும் சிக்கலானது. ஒரு சிறுமியின் பொறுப்பு யாருக்கு என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1911-ல் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒப்படைக்க வேண்டிய நேரத்தில் சிறுமி டோனாவூரில் இல்லை. ஒரு முஸ்லிம் பையனைப் போல உடை மாற்றி அவளை வெளியே கொண்டுபோனார்கள். இலங்கை வழியாகக் கடைசியில் அவள் சீனா வரை போய்ச் சேர்ந்தாள். ஏமி சிறைக்குப் போகத் தயாராக இருந்தார், போக நேரவில்லை.

குழந்தையைக் காப்பாற்றினார் என்று ஒரு தரப்பு சொல்லும். ஒரு தாயின் பிள்ளையை, சட்டத்தை மீறி நாடு கடத்த உதவினார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்லும். வெள்ளைக்காரப் பெண் என்பதால்தான் அரசு கண்டும் காணாமல் இருந்ததா என்ற கேள்வியும் எழும். இதற்கெல்லாம் சுலபமான பதில் கிடையாது. குழந்தையின் நலன் முக்கியமா, பெற்றவரின் உரிமை முக்கியமா என்று இன்றைக்கும் நம் குழந்தைகள் நலக் குழுக்கள் முன்னால் வந்து நிற்கும் அதே கேள்விதான் அது.

1919-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. அவருக்கு அது சங்கடமாக இருந்தது. நண்பர்கள் வற்புறுத்தியதால் மறுக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ளும் விழாவுக்குப் போகவில்லை.

கட்டிலில் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள்

1931-ல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். சிறு மருத்துவ நிலையம் தொடங்குவதற்காக வாடகைக்குப் பிடித்த வீடு. மங்கிய வெளிச்சத்தில், தோண்டி வைத்திருந்த ஒரு குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். சரியாகவில்லை. அதன் பிறகு சாகும் வரை பெரும்பாலும் ஒரே அறைதான், ஒரே கட்டில்தான்.

அந்தக் கட்டிலில் இருந்தபடியே எழுதினார். அவருடைய புத்தகங்கள் மொத்தம் 35-க்கும் மேல். அவற்றில் பல அந்த அறையில் பிறந்தவை. பிள்ளைகள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். வந்த நாள் கொண்டாடும் குழந்தை அந்த அறைக்கு வந்துவிட்டுத்தான் போகும்.

1951 ஜனவரி 18-ஆம் தேதி ஏமி இறந்தார். வயது 83. தன் கல்லறை மீது கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சை மீறவும் மனமில்லை, அடையாளமே இல்லாமல் விடவும் மனமில்லை. பறவைகளுக்கான அந்தத் தண்ணீர்த் தொட்டி அப்படித்தான் வந்தது.

சட்டம் எப்போது வந்தது?

ஒரு தனி மனிதர் சில நூறு குழந்தைகளைக் காப்பாற்றலாம். டோனாவூரில் வளர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் வேண்டும், சமூகத்துக்குள்ளிருந்தே குரல் வேண்டும்.

அந்தக் குரல் இங்கேயே எழுந்தது. தேவதாசிக் குடும்பப் பின்னணி கொண்ட தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்ட மேலவையில் பொட்டுக்கட்டுவதற்கு எதிராகப் போராடினார். ஆதரவில்லாத சிறுமிகளுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அந்த முறையின் கொடுமையைத் தானே அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாகப் பேசினார். 1936-ல் நாவலாகவும் எழுதினார். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசியாக அர்ப்பணிப்பதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது.

கணக்குப் போட்டுப் பாருங்க. பிரீனா தப்பி வந்து 46 வருடம் கழித்து. தடைச் சட்டம் வந்த செய்தியை ஏமி உயிரோடு இருந்து கேட்டார்.

இன்று ஒரு குழந்தை கைவிடப்பட்டால்?

கைவிடப்படும் குழந்தைகளின் கதை அதோடு முடியவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் போனது. கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இன்றைய சட்டப்படி, 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பெற்றோர் எங்காவது விட்டுவிட்டுப் போவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 93-வது பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் வளர்க்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு முன்பு குழந்தையை முறையாக ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு.

சாலையிலோ பேருந்து நிலையத்திலோ நீங்கள் ஒரு குழந்தையைப் பார்த்தால்? நாமே எடுத்து வளர்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1098 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், அல்லது போலீஸுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். தெரிந்த யாருக்காவது அப்படியே கொடுத்துவிடுவதும் சட்ட விரோதம். கை மாறும் குழந்தை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் அதில் உள்ள ஆபத்து. ஏமி 1901-ல் பார்த்ததும் அதைத்தான்.

கடைசியாக, அந்தத் தொட்டி

டோனாவூர் ஐக்கியம் இன்றும் இருக்கிறது. இந்தியர்களே நடத்துகிறார்கள். மருத்துவமனையும் இருக்கிறது. ஏமியின் மதப் பார்வையோடு நீங்கள் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். நீதிமன்றத்தை அவர் மீறியதைத் தவறு என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. யாரும் எண்ணிக்கையில் வைக்காத குழந்தைகளை அவர் ஒவ்வொருவராக எண்ணினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் கொடுத்தார், ஒரு நாள் கொடுத்தார். சில மாதமே வாழ்ந்துவிட்டுப் போன குழந்தையையும் மறக்காமல், தோட்டத்தில் ஒரு இடம் கொடுத்தார்.

ஊரெல்லாம் பெயர் பொறித்த கல்வெட்டுகள் நிறைந்த நாட்டில், பிறருக்கெல்லாம் பெயர் வைத்த ஒருவர் தனக்கு மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்றபடி அங்கே இருப்பது தண்ணீர்தான். எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று கேட்காமல், வருகிற பறவைக்கெல்லாம்.